வாடகை பாக்கி



இந்த வாசகர் வட்டத்தில் எனக்கு ‘பாட்டும் அரசியலும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. அதற்குள் இறங்கினால் விடிய விடியப் பேசலாம், நீங்கள் விடமாட்டீர்கள். அதனால் ஒரே ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். நாலேகால் நிமிடப் பாட்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தைச் சேர்ந்த மிட்நைட் ஆயில் என்ற ராக் குழு 1987இல் வெளியிட்டது. ‘பெட்ஸ் ஆர் பர்னிங்’ என்று பெயர். படுக்கைகள் பற்றி எரிகின்றன என்று பொருள். இசைத்தட்டுக் கடைக்காரர்கள் அதை ஆல்டர்நேட்டிவ் ராக் என்ற அலமாரியில் அடுக்கினார்கள். எந்த அலமாரியில் அடுக்கினால் என்ன? உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான். வாடகை பாக்கி.

ஆமாம், வாடகை பாக்கி. ஒரு வீட்டில் குடியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு நம்முடையது அல்ல. வீட்டுக்காரர் திண்ணையில்கூட இடமில்லாமல் தெருவில் நிற்கிறார். நாமோ உள்ளே கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறோம். இருநூறு வருஷமாக ஒரு காசு கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட குடித்தனக்காரனே ஒருநாள் எழுந்து வாசலுக்கு வந்து, ‘வீடு இவர்களுடையது, பாக்கி நம்முடையது’ என்று ஊர் கேட்கச் சொன்னால் எப்படியிருக்கும்? அதுதான் இந்தப் பாட்டு.

எதிர்ப்புப் பாட்டுக்கு உலகத்தில் பஞ்சமில்லை. அடிபட்டவன் பாடுவான். அவன் பாடுவதற்கு யாரும் அனுமதி தரவேண்டியதில்லை. அடிபடாத ஒருவன் அடிபட்டவனுக்காக இரக்கப்பட்டுப் பாடுவதும் உண்டு. அந்த இரக்கம் பல நேரம் பாடுகிறவனைத்தான் அழகாகக் காட்டும். மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. அது அபூர்வம். கடன்பட்டவனே கடனை ஒப்புக்கொண்டு பாடுவது. பாடுகிறவன் எந்தப் பக்கத்தில் நின்று பாடுகிறான்? ஒரு அரசியல் பாட்டின் பலம் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. அந்தக் கட்சியை இந்த ஒரு பாட்டை வைத்து வாதாடப் போகிறேன்.

யார் இந்த மிட்நைட் ஆயில்? சிட்னியின் வடக்குக் கடற்கரைப் பக்கம், மது விடுதிகளில் வாசித்து வளர்ந்த பையன்கள். எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு தனி இசைக் கலாச்சாரமே இருந்தது. நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம், வியர்வை, பீர், காதைப் பிளக்கும் சத்தம். மெதுவாக வாசித்தால் மேடையை நோக்கி டம்ளர் வரும். அந்த உலையில் வெந்தவர்கள் இவர்கள். டிரம்ஸ் வாசிக்க ராப் ஹர்ஸ்ட். கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் ஜிம் மொகினி. இன்னொரு கிட்டார் மார்ட்டின் ராட்ஸி. அந்தக் காலத்தில் பேஸ் கிட்டார் பீட்டர் கிஃபோர்ட். முன்னால் நின்று பாடுபவர் பீட்டர் கேரட். மொட்டைத் தலை, ஆறடிக்கும் மேலே ஆள். ஆடினால் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். சட்டம் படித்தவர்.

பிடிவாதக்காரர்கள். அந்த நாட்டில் ‘கவுன்ட்டவுன்’ என்றொரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இருந்தது. அதில் தோன்றாமல் யாரும் பெரிய ஆள் ஆக முடியாது என்று நிலைமை. அதில் தோன்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். 1984இல் கேரட் அணு ஆயுத எதிர்ப்புக் கட்சியின் சார்பில் செனட் தேர்தலில் நின்றார். கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை. ஆக, இவர்களுக்கு அரசியல் என்பது பாட்டுக்குத் தூவும் கறிவேப்பிலை அல்ல. ஆனாலும் 1986 வரை அவர்கள் அரசியல் அணு ஆயுதம், அமெரிக்க ராணுவத் தளம் என்றுதான் பெரிதும் போய்க்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே இருக்கும் மண்ணைக் குனிந்து பார்த்தது அதற்குப் பிறகுதான்.

அந்த மண்ணின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் வாழ்ந்துவரும் கண்டம் அது. 1788 ஜனவரி 26ஆம் தேதி ஆங்கிலேயர்கள் சிட்னித் துறைமுகத்தில் கொடி நட்டார்கள். பிறகு அந்தக் கண்டத்தை யாருக்கும் சொந்தமில்லாத நிலமாகவே அவர்கள் சட்டம் நடத்தியது. இங்கே நம் நாட்டில் ஆண்ட ஆங்கிலேயன் குறைந்தபட்சம் யாரிடமிருந்தாவது பிடுங்குகிறோம் என்பதை மறைக்கவில்லை. சண்டை போட்டான், ஒப்பந்தம் எழுதினான், ஒப்பந்தத்தை மீறினான். அங்கே அந்தப் பாசாங்குகூட இல்லை. ஒப்பந்தம் எழுத எதிரே ஆள் இருக்கிறது என்பதையே ஏற்கவில்லை.

1966 ஆகஸ்ட் 23. வடக்குப் பிரதேசத்தில் வேவ் ஹில் என்ற மாட்டுப் பண்ணை. வெஸ்டி என்ற ஆங்கிலேயக் குடும்பக் கம்பெனியின் கையில் இருந்தது. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த குரிஞ்சி மக்கள் ஏறக்குறைய இருநூறு பேர், வின்சென்ட் லிங்கியாரி என்பவர் தலைமையில், வேலையை விட்டுவிட்டு வெளியே நடந்தார்கள். கூலி கேட்டுப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கேட்டது கூலி மட்டுமா? நிலத்தைக் கேட்டார்கள். எங்கள் தாத்தன் பூட்டன் நிலம், திருப்பிக் கொடு என்று ஓடைக்கரையில் உட்கார்ந்தார்கள். ஒரு வருஷம் அல்ல, இரண்டு வருஷம் அல்ல, ஒன்பது வருஷம் உட்கார்ந்தார்கள்.

1975 ஆகஸ்ட் 16ஆம் தேதி பிரதமர் காஃப் விட்லம் அங்கே போனார். பத்திரத்தைக் கொடுத்தார். பிறகு குனிந்து ஒரு கைப்பிடிச் செம்மண்ணை அள்ளி லிங்கியாரியின் உள்ளங்கையில் கொட்டினார். மெர்வின் பிஷப் என்ற பூர்வகுடிப் புகைப்படக்காரர் எடுத்த படம் இன்று அந்த நாட்டுப் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. அந்தப் படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. உண்மையில் நிகழ்ச்சி நடந்தது கொட்டகை நிழலில். வெளிச்சம் போதவில்லை. ‘ஐயா, வெயிலுக்கு வந்து இன்னொரு தடவை கொட்டுங்கள்’ என்று பிரதமரை அவர் கேட்டுக்கொண்டார். நாம் பார்ப்பது அந்த இரண்டாவது தடவை. அதனால் படம் பொய்யாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண் ஒரு தடவை கைமாறியதைவிட, இரண்டு தடவை கைமாறியது நல்லதுதான்.

அடுத்து உலூரு. நாட்டின் நடுவில் தனியாக நிற்கும் அந்தப் பிரம்மாண்டமான செம்பாறை. 1985 அக்டோபர் 26ஆம் தேதி அதை அனங்கு மக்களிடம் அரசு ஒப்படைத்தது. ஒரு கையால் பத்திரத்தைக் கொடுத்தார்கள். அன்றைக்கே மறு கையால் 99 வருஷக் குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், தேசியப் பூங்கா நடத்துவதற்காக. சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டிய விஷயந்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குத்தகை என்றால் வாடகை கொடுக்க வேண்டும் அல்லவா? நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அந்தப் பாறையடியிலாவது அரசாங்கமே கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்லிவிட்டது. ‘வாடகை கொடு’ என்பது ஏற்கெனவே பூர்வகுடி இயக்கத்தார் எழுப்பிவந்த முழக்கம். மிட்நைட் ஆயில் அதைக் கற்பனையில் கண்டுபிடிக்கவில்லை. கடன் கேட்டவர்களின் வாயிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

உலூரு ஒப்படைப்பைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். அதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்று மிட்நைட் ஆயிலைக் கேட்டார்கள். ‘தி டெட் ஹார்ட்’ என்ற பாட்டு அப்படிப் பிறந்தது, 1986இல் வெளிவந்தது. நல்ல பாட்டு. கேட்டால் தொண்டை அடைக்கும். ஆனால் அதில் ஒரு சங்கடம். அந்தப் பாட்டில் ‘நாங்கள்’ என்று வருகிறதே, அது பூர்வகுடி மக்கள். பாடுகிறவர் வெள்ளைக்காரர். வீட்டுக்காரர் பேசவேண்டிய பேச்சைக் குடித்தனக்காரன் பேசுகிறான். எண்ணம் நல்ல எண்ணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நிற்கும் இடம் சரியில்லை. அடுத்த பாட்டில் அந்த இடம் மாறியது. மாற்றியது எது? ஒரு பயணம்.

1986இல் மிட்நைட் ஆயில் ஒரு வேலை செய்தார்கள். பெரிய நகரங்களை விட்டுவிட்டு, பாலைவனத்துக்குள்ளும் வடகோடிக்கும் பூர்வகுடிக் குடியிருப்புகளைத் தேடிப் போனார்கள். தனியாகப் போகவில்லை. வாரும்பி பேண்ட் என்ற குழுவோடு சேர்ந்து போனார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்திலிருந்து வடமேற்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் பபுன்யா என்ற குடியிருப்பு வரும். அங்கே உருவான குழு அது. சாமி புட்சர், கார்டன் புட்சர் என்று அந்த ஊர்ச் சகோதரர்கள். பாடுபவர் ஜார்ஜ் புராரவாங்கா, வடகடலின் எல்கோ தீவிலிருந்து வந்தவர். கூட நீல் மரே என்ற வெள்ளைக்கார வாலிபர், பபுன்யாவுக்கு வேலைக்கு வந்து அங்கேயே ஒட்டிக்கொண்டவர். 1983இல் இவர்கள் லூரிச்சா மொழியில் ‘ஜைலங்குரு பகர்னு’ என்றொரு பாட்டை வெளியிட்டார்கள். சிறையிலிருந்து வெளியே வந்தவனின் பாட்டு. பூர்வகுடி மொழி ஒன்றில் வெளிவந்த முதல் ராக் பாட்டு அது என்று சொல்கிறார்கள். அந்தக் கூட்டுப் பயணத்துக்கே வாரும்பி பாட்டு ஒன்றின் பெயரைத்தான் வைத்தார்கள்: ‘பிளாக்ஃபெல்லா ஒயிட்ஃபெல்லா’.

பபுன்யா என்ற ஊர் எப்படி வந்தது தெரியுமா? மேற்குப் பாலைவனத்தில் பிண்டுபி என்றொரு மக்கள். மணல்மேடும் உப்பு ஏரியும் கிணற்றடியும் அவர்கள் உலகம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அரசாங்கம் அவர்களை லாரியில் ஏற்றிக் கிழக்கே கொண்டுவந்தது. ஏன்? ஆங்கிலேயர்கள் ‘புளூ ஸ்ட்ரீக்’ என்ற ஏவுகணையைச் சோதிக்கப் போகிறார்கள்; அது பறக்கும் பாதை அந்தப் பாலைவனத்துக்கு மேலே. அதோடு, காட்டு மக்களை நாகரிகப்படுத்துகிறோம் என்ற கொள்கையும் சேர்ந்துகொண்டது. கொண்டுவந்து பபுன்யாவில் பல மொழிக்காரர்களோடு அடைத்தார்கள். வந்தவர்களில் பலர் நோயில் செத்தார்கள். மிஞ்சியவர்கள் ஊர் ஏக்கத்தில் காய்ந்தார்கள். அந்த ஏவுகணைத் திட்டமோ பாதியிலேயே கைவிடப்பட்டது. ஏவுகணை போய்விட்டது, லாரியில் ஏற்றிவந்த மக்கள் பபுன்யாவிலேயே கிடந்தார்கள்.

அந்த ஏக்கத்திலிருந்து பிறந்ததுதான் இன்று உலக ஓவியச் சந்தையில் பெரும் விலைக்குப் போகும் புள்ளி ஓவியம். 1971இல் பபுன்யாப் பள்ளிக்கூடத்தில் ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் இருந்தார். அவர் கொடுத்த ஊக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் நிலத்தை வண்ணத்தில் போட ஆரம்பித்தார்கள். நம் கண்ணுக்குப் புள்ளியும் வட்டமும். அவர்களுக்கு அது கிணறு, பாதை, தாத்தா உட்கார்ந்த இடம். வேறு நாட்டில் பட்டா என்று காகிதம் தருவார்கள். இவர்கள் பலகையில் எழுதிவைத்தார்கள். அதைப் பற்றியே தனியாக ஒருநாள் பேசலாம். இன்றைக்குப் பாட்டு.

1981இல் பிண்டுபி மக்கள் யாரையும் கேட்காமல் மேற்கே திரும்பினார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிண்டோர் என்ற இடத்தில், தங்கள் மண்ணில், மறுபடி குடியேறினார்கள். 1984இல் அதற்கும் அப்பால், மெக்கை ஏரிப் பக்கம், வெளியுலகத்தையே பார்க்காமல் வாழ்ந்துகொண்டிருந்த ஒன்பது பேர் கொண்ட குடும்பம் ஒன்று தங்கள் உறவினர்களோடு வந்து சேர்ந்தது. யோசித்துப் பாருங்கள். 1984! இங்கே நம் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி வர ஆரம்பித்த காலம்.

இந்தக் கிண்டோருக்குத்தான், இந்த மாதிரி ஊர்களுக்குத்தான், சிட்னி மது விடுதிக்காரர்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செம்புழுதிச் சாலை. இரண்டு பக்கமும் துருப்பிடித்துக் கிடக்கும் ஹோல்டன் கார்களின் எலும்புக்கூடு. நாற்பத்தைந்து டிகிரி வரை ஏறும் வெயிலுக்குப் பேர்போன நாடு. எதிரே உட்கார்ந்திருப்பது பீர் டம்ளரோடு முட்டி மோதும் கூட்டம் அல்ல. கிழவிகள், குழந்தைகள், நாய்கள். அவர்களுக்கு மிட்நைட் ஆயில் யாரென்றே தெரியாது. வாரும்பிதான் அங்கே நட்சத்திரம். சிட்னியில் எடுபட்ட வேகமும் இரைச்சலும் அந்த வெட்டவெளியில் பொருந்தவில்லை. வெளியில் அவ்வளவு இடம் இருக்கும்போது, பாட்டுக்குள்ளும் இடம் விடவேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள்.

சபையோர்களே, இனி பாட்டு உருவான கதைக்கு வருகிறேன்.

ஊர் திரும்பியதும் எழுத உட்கார்ந்தார்கள். ‘பெட்ஸ் ஆர் பர்னிங்’ ஹர்ஸ்ட், மொகினி, கேரட் மூவர் பெயரில் இருக்கிறது. வார்ன் லிவ்ஸி என்ற ஆங்கிலேயத் தயாரிப்பாளரை வரவழைத்தார்கள். 1987இன் தொடக்கத்தில் சிட்னியின் ஆல்பர்ட்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு நடந்தது. ‘டீசல் அண்ட் டஸ்ட்’ என்ற ஆல்பம்; டீசலும் புழுதியும். பயணத்தின் வாசனையை அப்படியே பெயராக வைத்துவிட்டார்கள்.

பாட்டை எடுத்ததும் பித்தளை வாத்தியங்களின் முழக்கம். மூன்றே அடி. கதவைத் தட்டுவது மாதிரி அல்ல, கதவை உடைப்பது மாதிரி. உடனே எல்லாம் அடங்கிவிடும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் மட்டும் சாலையில் வண்டி போவதுபோல் நிதானமாக உருண்டுகொண்டே இருக்கும். அதன்மேல் கேரட் பாடுவதுகூட இல்லை, ஏறக்குறையப் பேசுகிறார். கார் எலும்புக்கூடு வருகிறது, வெயில் வருகிறது, கிண்டோர், யுவெண்டுமு என்று ஊர்ப்பெயர் வருகிறது. சிட்னிக்காரர்கள் பலருக்கு யுவெண்டுமு எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியாது. வரைபடத்தைப் பிரித்துப் பார்க்க வைத்த பாட்டு இது.

அந்த வெற்றிடம் இருக்கிறதே, அதைக் கவனித்துக் கேளுங்கள். பழைய மிட்நைட் ஆயிலாக இருந்தால் அங்கே மூன்று கிட்டாரைத் திணித்திருப்பார்கள். இங்கே சும்மா விட்டிருக்கிறார்கள். பாலைவனம் கற்றுக்கொடுத்த பாடம். பிறகு பல்லவி வெடிக்கிறது. அதில் தனிக்குரல் இல்லை; கூட்டமாக எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். இதில்தான் நான் முதலில் சொன்ன இடமாற்றம் நடக்கிறது. ‘தி டெட் ஹார்ட்’ பாட்டில் ‘நாங்கள்’ என்றால் பூர்வகுடிகள். இந்தப் பாட்டில் நிலம் ‘அவர்களுடையது’. ‘நாம்’ என்றால் அதைத் திருப்பித் தரவேண்டியவர்கள், எரியும் கட்டிலில் படுத்துக்கொண்டு தூங்கப் பார்ப்பவர்கள். ஒரே குழு, ஒரே குரல், ஒரு வருஷ இடைவெளி. ‘நாம்’ என்ற சொல் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. எண்பதாயிரம் பேர் கூடிய மைதானத்தில் அந்தப் பல்லவியைச் சேர்ந்து பாடுகிறவன் யாராக இருந்தாலும், அறிந்தோ அறியாமலோ, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான்.

என்ன ஆயிற்று பாட்டுக்கு? ஓடியது. தாறுமாறாக ஓடியது. ஆல்பம் ஆஸ்திரேலியாவில் முதலிடம். தனிப்பாட்டு ஆஸ்திரேலியாவில் 6ஆம் இடம், பிரிட்டனில் 6, அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் 17. கனடாவிலும் நியூசிலாந்திலும் முதலிடம். இன்னொரு நாட்டிலும் முதலிடம். எது தெரியுமா? தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த, மண்டேலா சிறையில் இருந்த தென்னாப்பிரிக்கா! நிலத்தை உரியவர்களிடம் கொடு என்ற பாட்டை அங்கே காசு கொடுத்து வாங்கியவர்கள் என்ன நினைத்து வாங்கினார்கள்? நல்ல தாளம் என்று வாங்கியிருக்கலாம். ஆட்டம்போட வாங்கியிருக்கலாம். பாட்டுக்குக் கால் மட்டும் போதும் சில நேரம். காது பிறகு வந்து சேரும்.

பாட்டு வெளிவந்த நேரமும் அப்படி. 1988 ஜனவரி 26: வெள்ளையர் குடியேறி இருநூறாவது ஆண்டு. துறைமுகம் முழுக்கப் பாய்மரக் கப்பல், வாணவேடிக்கை. அதே நாள் அதே நகரத்தில் பல்லாயிரம் பூர்வகுடி மக்களும் அவர்களுடைய ஆதரவாளர்களும் எதிர்ப்பு ஊர்வலம் போனார்கள். பிறந்தநாள் கேக்கை வெட்டப்போகும் நேரத்தில் வாடகைச் சீட்டை நீட்டிய பாட்டு இது.

இங்கே எதிர்க்கட்சி வழக்கறிஞராகவும் நானே பேசவேண்டும். பாட்டு உலகம் சுற்றியது, சம்பாதித்தது, வாரும்பி பேண்ட் என்ன ஆனார்கள்? அந்த உயரத்துக்கு வரவில்லை. அந்தச் சகோதரர்களுக்குக் குடும்பமும் ஊரும் முக்கியம். இசைச் சந்தைக்கும் அவர்கள்மேல் அவ்வளவு அக்கறை இல்லை. கடனை ஒப்புக்கொண்டு பாடிய பாட்டுக்கே ஒரு கடன் இருக்கிறது. நியாயமான குற்றச்சாட்டு. முழுப் பதில் என்னிடம் இல்லை. பாதிப் பதில் உண்டு. 1988இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுற்றியபோது யோத்து யிண்டி என்ற பூர்வகுடிக் குழுவை மிட்நைட் ஆயில் கூடவே அழைத்துப் போனார்கள். அந்தக் குழு 1991இல் ‘ட்ரீட்டி’ என்ற பாட்டைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் செய்துகொள்கிறோம் என்று 1988இல் பரங்கா என்ற இடத்தில் பிரதமர் பாப் ஹாக் கொடுத்த வாக்கு காற்றில் போனதைப் பற்றிய பாட்டு. எழுதியவர்களில் பீட்டர் கேரட்டும் ஒருவர். மேடையைப் பகிர்ந்துகொள்வது கடனைத் தீர்ப்பது ஆகாது. ஆனால் வட்டியிலாவது கொஞ்சம் கழியும்.

1992 ஜூன் 3ஆம் தேதி, யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பழைய பொய்யை ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் மாபோ வழக்கில் தூக்கி எறிந்தது. வழக்குப் போட்ட எடி மாபோ அந்தத் தீர்ப்பைப் பார்க்கவில்லை. சில மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். பாட்டால்தான் தீர்ப்பு வந்தது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வது மாபோவுக்குச் செய்யும் துரோகம். பத்து வருஷம் நீதிமன்றத்துக்கு நடந்தவர் அவர்.

நண்பர்களே, இப்போது 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதிக்கு வாருங்கள். சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழா. பின்னணி தெரியவேண்டும். பூர்வகுடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தது அந்த நாட்டு அரசு, தலைமுறை தலைமுறையாக. 1997இல் அதைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்து நாட்டை உலுக்கியது. மன்னிப்புக் கேளுங்கள் என்றார்கள். பிரதமர் ஜான் ஹோவர்ட், வருத்தம் தெரிவிப்பேன், மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்று நின்றார். அந்த ஹோவர்ட் அன்றைக்கு மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறார். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சி முன்னால்.

மிட்நைட் ஆயில் மேடை ஏறுகிறார்கள். கறுப்பு உடை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு சொல். ‘சாரி’. மன்னிப்பு. சட்டையில் அதை எழுதிக்கொண்டு ‘பெட்ஸ் ஆர் பர்னிங்’ பாடினார்கள். பிரதமர் சொல்லாததை ஐந்து பாட்டுக்காரர்கள் உடம்பில் எழுதிக்கொண்டு வந்து, அவர் கண்ணெதிரே ஆடிக் காட்டினார்கள். அதே இரவு யோத்து யிண்டியும் அதே மேடையில் ‘ட்ரீட்டி’ பாடினார்கள். ஒரு பாட்டு தன் முழு உயரத்துக்கு எழுந்து நின்ற தருணம் என்று நான் அதைத்தான் சொல்வேன். பதின்மூன்று வயதான பாட்டு அது. புதிதாக ஒரு வரி சேர்க்கவில்லை. சட்டையை மட்டும் மாற்றினார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமா மாதிரி இருந்திருக்கும். முடியவில்லை. 2002இல் கேரட் குழுவை விட்டு விலகினார். 2004இல் தொழிற்கட்சி சார்பில் நாடாளுமன்றம் போனார். 2007இல் அமைச்சர் ஆனார். 2008 பிப்ரவரி 13ஆம் தேதி பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். கேட்ட அரசில் கேரட்டும் ஒரு அமைச்சர். சட்டையில் எழுதிய சொல் எட்டு வருஷத்துக்குள் அரசாங்கத்தின் வாயில் வந்துவிட்டது. சரி. ஆனால் அதே கேரட், சுற்றுச்சூழல் அமைச்சராக, 2009இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஃபோர் மைல் என்ற யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தார். யுரேனியத்துக்கு எதிராக மேடைமேடையாகத் தொண்டை கிழிந்த மனிதர்! பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். எனக்கும் அது கசப்பாகத்தான் இருக்கிறது. உள்ளே போய்ச் சாதிக்கலாம் என்று போகிறவர்களுக்கு எந்த நாட்டிலும் நேர்வது இது. அவரை நான் துரோகி என்று சொல்லமாட்டேன். பாட்டைவிட ஆள் சின்னவராகிவிட்டார், அவ்வளவுதான் சொல்வேன்.

அதே 2009இல் இன்னொன்றும் நடந்தது. ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் முன்னின்று, கோபன்ஹேகன் மாநாட்டுக்காக, பருவநிலை மாற்றத்தைப் பற்றி இதே பாட்டை வரிகளை மாற்றிப் பல நாட்டுக் கலைஞர்களை வைத்துப் பாடவைத்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் கிண்டோர் போய்விட்டது, யுவெண்டுமு போய்விட்டது, வீட்டுக்காரரும் போய்விட்டார். யாருக்கு யார் கடன் என்பது தெரியாத கடன் பாட்டு. எனக்கு ருசிக்கவில்லை.

பிறகு குழு மறுபடி சேர்ந்தது. 2020இல் பூர்வகுடிக் கலைஞர்களோடு சேர்ந்து ‘தி மகரட்டா புராஜெக்ட்’ என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதில் பூர்வகுடி மக்கள் 2017இல் உலூருவில் கூடி எழுதிய அறிக்கையையே, அவர்கள் குரலிலேயே ஒலிக்கவிட்டார்கள். தாங்கள் பேசவேண்டிய இடம் எது, வாயை மூடிக்கொண்டு மைக்கை நீட்டவேண்டிய இடம் எது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த அறிக்கை கேட்டவற்றில் ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடி அவை. 2023 அக்டோபர் 14ஆம் தேதி அதற்குப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்று குத்தினார்கள். ஆறு மாநிலங்களிலும் தோல்வி. அந்த அறுபது பேரில் எத்தனை பேர் இளவயதில் இந்தப் பல்லவியைக் கத்திப் பாடியிருப்பார்கள்? நிறையப் பேர் பாடியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கையெழுத்துப் போட்ட எல்லோரும் கடனைக் கட்டிவிடுவதில்லை.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிகிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் பெட்ஸ் ஆர் பர்னிங் பாட்டைக் கேளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் வாரும்பி பேண்டின் ‘ஜைலங்குரு பகர்னு’ பாட்டைக் கேட்டுவிடுங்கள். மொழி புரியாது, பரவாயில்லை. முதலில் கடன் கொடுத்தவர் குரல், அப்புறம் கடன்பட்டவர் குரல். வரிசையை மாற்றிவிடாதீர்கள்.